விழுந்த மரத்தை எடைக்குப் போடாதீங்க!



எங்க வீட்டுத் திண்ணையில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். நாலு பேர் உட்கார்ந்தாலும் அசையாது. அதற்குப் பக்கத்தில் ஒரு விதைப்பெட்டி. நாலு மூட்டை விதைநெல் தாராளமாகப் பிடிக்கும். இரண்டும் ஒரே பிலா மரத்தில் செய்தவை. (பலா என்று எழுதுவார்கள். கறம்பக்குடிப் பக்கம் நாங்கள் பிலா என்றுதான் சொல்வோம். பிலாவிடுதி என்று ஊரே இருக்கிறது.) இரண்டிலும் ஒரு இரும்பாணிகூடக் கிடையாது.

வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன வெலைண்ணே ஆச்சு?" என்று கேட்பார்கள். "நாலு பிலா" என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். விளையாட்டு இல்லை. மூன்று மரத்தைத் தொலைத்த பிறகுதான் நாலாவது மரத்தின் அருமை எனக்குப் புரிந்தது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்த நாள். நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று விடியற்காலையில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. தென்னை, பிலா, மா, தேக்கு, வாழை என்று எதையும் அது பார்க்கவில்லை. வடகாடு, கீரமங்கலம், கறம்பக்குடி வட்டாரத்தில் அன்று காலை தோப்புக்குப் போனவர்கள் யாரும் அதை மறக்க முடியாது. என் தாத்தா வைத்த நாலு பிலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. வீட்டு ஓடு பறந்துவிட்டது. மாட்டுக்குத் தீவனம் இல்லை. அந்த நேரத்தில் மரத்தைப் பற்றி யார் யோசிப்பார்?

பத்தாம் நாள் லாரி வந்தது. சூளைக்கு விறகு எடுக்கிற லாரி. மூன்று பிலாவுக்கும் சேர்த்து 4,500 ரூபாய் கொடுத்தார்கள். அறுப்புக்கூலி அவர்களுடையது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை. இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார்களே என்ற நன்றிதான் இருந்தது. நாலாவது மரம் கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் விழுந்திருந்தது. லாரி உள்ளே வர வழியில்லாததால் தப்பித்தது. அப்புறம் அதில் ஆடு கட்டினோம்.

பத்து மாதம் போயிருக்கும். புயலில் கோணிப்போன கதவைச் சரிபண்ண எங்க ஊர் ஆசாரி வந்தார். எழுபதைத் தாண்டியவர். வேலை முடிந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர், அந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். சும்மா இராமல் வாச்சியை எடுத்து நாலு கொத்து கொத்தினார். வெளியில் இருந்த வெள்ளை மரம் மாவாக உதிர்ந்தது. உள்ளே பளிச்சென்று மஞ்சள்.

"பாத்தியா தம்பி, வைரம். இதுல போயி ஆட்டக் கட்டி வெச்சிருக்கே. மத்த மூணு எங்க?"

"சூளைக்குப் போயிருச்சு ஆசாரியாரே."

"எவ்வளவுக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு, "ஒரு கதவு நெலைக்கு ஆகுற காசுகூட இல்லையேப்பா" என்றார். அவ்வளவுதான்.

அந்த மரத்தை டவுன் அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக்கினோம். மாட்டுக்கொட்டகையில் அடுக்கிக் காயவிட்டோம். 2020 ஊரடங்கில் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் சந்தை இல்லை. பன்னிரண்டு நாள் அவர் வேலை செய்தார், நாங்கள் கையாள். பெஞ்சும் பெட்டியும் பிறந்தது அப்படித்தான்.

நாம் எங்கே தவறினோம்?

இயற்கை உழவர்களான நாம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். வெளியிலிருந்து இடுபொருள் வாங்காதே, உன் நிலத்தில் இருப்பதை வைத்து உரமாக்கு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதுதான். இங்கே பக்கத்தில், பட்டுக்கோட்டை அத்திவெட்டியில்தான் 2013 டிசம்பர் 30-ல் அவர் உயிர் பிரிந்தது. அவர் பேச்சைக் கேட்டு யூரியா மூட்டையை வயலை விட்டு வெளியேற்றினோம். சரி. வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

கடையில் வாங்கும் அலமாரி, கட்டில், மேஜை எல்லாம் இப்போது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். அந்தத் தூளை ஒட்டும் பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. ஆமாம், அதே யூரியா. மானிய யூரியா பசைக் கம்பெனிகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவும்தான் 2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கினார்கள். ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வயலில் வேண்டாம் என்று துரத்தியதைப் படுக்கையறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதுவும் நம் தோப்பில் நின்ற பிலாவைச் சூளைக்கு அனுப்பிவிட்டு!

இன்னொன்று. 2017-ல் நெடுவாசலில் நாம் எல்லாரும் உட்கார்ந்தோம். பூமிக்கு அடியில் இருப்பதை எடுக்க விடமாட்டோம் என்றோம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கறம்பக்குடி ஒன்றியமும் சேர்ந்தது. பூமிக்கு அடியில் இருப்பதற்காக அவ்வளவு பாடுபட்ட நாம், பூமிக்கு மேலே அறுபது வருஷம் நின்றதை ஒரே வாரத்தில் எடைபோட்டு அனுப்பிவிட்டோம். யாரும் நம்மை மிரட்டவில்லை. நாமாகத்தான் கொடுத்தோம்.

நெல்லாக விற்காதே, அரிசியாக விற்றால் நாலு காசு நிற்கும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். கடலையை எண்ணெயாக்கி விற்கிறோம். மரத்துக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. மரம் நடச் சொல்கிறவர்கள் நிறைய பேர். சேந்தன்குடி 'மரம்' தங்கசாமி ஐயா வாழ்நாள் முழுக்க அதையே செய்தார். புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான் மறைந்தார். நட்ட மரம் விழுந்தால் என்ன செய்வது என்ற பாடத்தை நாம்தான் இனிப் படிக்க வேண்டும்.

எந்த மரம் எதற்கு?

எல்லா மரத்தையும் பெஞ்சு ஆக்கச் சொல்லவில்லை. கிளை, இலை, பட்டை எல்லாம் மண்ணுக்கு. மூடாக்குப் போடுங்கள். வளைந்ததும் உளுத்ததும் அடுப்புக்கு. வைரம் பாய்ந்த நடுமரம் மட்டும் பட்டறைக்கு. இந்தப் பிரிவினை தெரிந்தால் போதும்.

பிலா: வைரம் கறையானுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. புதிதில் மஞ்சள், வருஷம் ஆக ஆகப் பழுப்பு. பக்கத்து மாவட்டத்துத் தஞ்சாவூர் வீணை இந்த மரத்தில்தான் செய்யப்படுகிறது. மிருதங்கமும் தவிலும்கூடப் பிலாதான். வீணைக்கு ஆகிற மரம் செங்கல் சுடப் போகிறது என்றால் தப்பு மரத்தின் மேல் இல்லை.

மா: இழைக்கச் சுலபம். ஆனால் பூச்சி சீக்கிரம் விழும். மண்ணில் படாத சாமானுக்கு மட்டும்.

வேம்பு, பூவரசு, வாகை: பெட்டி, முக்காலி, கட்டில் கால் எல்லாவற்றுக்கும் ஆகும். மரச்செக்குக்கு வாகையைத் தேடி அலைகிறோமே, அதே வாகைதான்.

சீமைக்கருவேலம்: சிரிக்காதீர்கள். கரி மூட்டம் போடத்தான் லாயக்கு என்று நினைக்கிறோம். இதன் நெருங்கிய உறவு மரத்தில்தான் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் விலை உயர்ந்த மேஜைகள் செய்கிறார்கள். கெட்டியான மரம், காய்ந்தால் அதிகம் சுருங்காது. நீளப் பலகை கிடைக்காது என்பதுதான் குறை. மண்வெட்டிக் கைப்பிடி, முக்காலி, உளிப்பிடி செய்யலாம்.

தென்னையும் பனையும்: இவற்றுக்குக் கணக்கே வேறு. தொல்காப்பியம் மரபியலில் வெளியில் வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தென்னை ஒரு பெரிய புல். வெளிச்சுற்றும் அடிப்பகுதியும் கெட்டி, நடுவும் நுனியும் சொத சொத. இது தெரியாமல் நடுவை அறுத்துவிட்டுத் 'தென்னை ஒண்ணுக்கும் ஆகாது' என்கிறோம். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் அடித்துக் கோடிக்கணக்கில் தென்னை விழுந்தது. அங்கே விழுந்த தென்னையைச் சட்டமாக அறுத்து வீடு கட்டவே பயன்படுத்தினார்கள். நம் பக்கம் கஜாவில் விழுந்த தென்னையில் எவ்வளவு அப்படியே தோப்பிலேயே மக்கியது, எவ்வளவு காண்டாமிருக வண்டுக்கு வீடானது என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

விழுந்த மரத்தைக் காப்பது எப்படி?

என் மரம் பத்து மாதம் மண்ணில் கிடந்ததில் வெள்ளைப் பகுதி முழுக்கப் போய்விட்டது. இரண்டு முனையிலும் ஒன்றரை அடி வெடிப்பில் போச்சு. அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்க, ஆசாரி சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் மரத்தை மண்ணிலிருந்து தூக்கிக் கல்லின் மேல் வையுங்கள். பட்டையை உரியுங்கள், வண்டு குடியிருப்பது அதற்கு அடியில்தான். வெட்டிய இரண்டு முனையிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துத் தடித்துப் பூசுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் அதையும் பூசலாம். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அதனால்தான் முனை வெடிக்கிறது.

பச்சையாக இருக்கும்போதே சில வாரத்துக்குள் பலகையாக அறுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அறுப்பது கஷ்டம், வெடிப்பும் கூடும். அறுத்த பலகையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர் கட்டைகளை, மேலே கீழே ஒரே நேர்க்கோட்டில் வையுங்கள். மேலே கல் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பலகையை மட்டும் மாதம் ஒருமுறை தராசில் வைத்து, எடையைக் கரித்துண்டால் அதிலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். மரத்தை எடை போட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

மா, தென்னை போன்ற மரங்களை முன்பெல்லாம் குளத்தில் ஊறப்போடுவார்கள். மரத்தில் உள்ள இனிப்பும் மாவும் தண்ணீரில் கரைந்து போனால் பூச்சிக்குச் சாப்பாடு இல்லை. காரணம் தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

பழைய வீட்டு மரம்

விழுந்த மரம் மட்டும் இல்லை, இடிக்கிற வீடும் ஒரு தோப்புதான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுகிறோம். உத்திரம், கைமரம், தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். அது எங்கே போகிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். நகரத்தார் வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, பழைய கதவாகவும் தூணாகவும் அங்கே நிற்கிறது. ஓட்டல்காரர்களும் வெளியூர்க்காரர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள். பழைய மரத்தின் மதிப்பு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை.

பழைய மரத்தில் பெரிய வசதி, அது ஏற்கெனவே காய்ந்தது. ஐம்பது வருஷம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆணி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் ஆணி தெரியும். பார்க்காமல் இழைத்தால் இழைப்புளியின் வாய் போய்விடும். இரண்டு, பழைய பெயிண்ட். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூசி உடம்புக்குள் போகும். நனைத்துச் சுரண்டுங்கள், வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், சுரண்டியதை வயலில் கொட்டாதீர்கள்.

ஏன் கைக்கருவி?

நான் மிஷினுக்கு எதிரி இல்லை. என் மரத்தையே மில்லில்தான் அறுத்தேன். முன்பு இரண்டு பேர், ஒருத்தர் மேலே ஒருத்தர் கீழே நின்று பெரிய வாளால் நாள் முழுக்க அறுப்பார்கள். அந்தக் கஷ்டம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அறுக்க மிஷின், செய்யக் கை. இதுதான் என் கட்சி.

ஒரு காரணம், செலவு. கைவாள் ஒன்று, இழைப்புளி ஒன்று, கால் அங்குலம், அரை அங்குலம், ஒரு அங்குலம் என மூன்று உளி, மூலைமட்டம், துளை போடத் துரப்பணம், தீட்டச் சாணைக்கல். கொட்டாப்புளியைப் புளிய மரத்தில் நாமே செய்துகொள்ளலாம். ஒரு பெஞ்சு செய்ய இவ்வளவுதான் வேண்டும். இன்னொரு காரணம், கரண்ட். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எங்க ஊரில் ஓடிய ஒரே பட்டறை ஆசாரியுடையதுதான். கூரைக்குக் கட்டை இழைத்துக் கொடுத்தார்.

மூன்றாவதுதான் முக்கியம். பழைய மரமும் விழுந்த மரமும் ஒழுங்காக இருக்காது. ஒரு பக்கம் முடிச்சு, ஒரு பக்கம் வெடிப்பு, ஒரு பக்கம் வளைவு. மிஷின் எல்லாவற்றையும் நேராக்கப் பார்த்து பாதியைத் தூளாக்கிவிடும். கை அந்த மரத்துக்கு ஏற்ற மாதிரி போகும். எங்க பெஞ்சின் ஒரு ஓரம் மரம் வளர்ந்த வளைவிலேயே இருக்கிறது. "வெட்டி நேராக்கிடலாமே" என்றேன். "ஏன், உனக்கு ஒக்கார எடம் கம்மியாவா இருக்கு?" என்றார்.

ஆணி இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொன்றில் துளை குடைந்து சொருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பதுதான். மூங்கில் துருப்பிடிக்காது. தட்டி வெளியே எடுத்துப் பிரித்தும் மாட்டலாம். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் பெரிதாக மாறாது. அதற்காகப் பெட்டிப் பலகையைக் காடிக்குள் இறுக்காமல் ஒரு நூல் இடைவெளி விட்டார் ஆசாரி. மண் ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிற நமக்கு இது புரியாத பாடம் இல்லை.

இன்னொரு விஷயம். என் மகன் இரண்டாம் நாளே கழன்றுகொண்டான். கடைசிவரை இழைப்புளி பிடித்தது என் மகள்தான். இப்போது தேனீப்பெட்டி அவளே செய்கிறாள். ஆம்பளைக் கைக்குத்தான் வரும், இன்ன சாதிக் கைக்குத்தான் வரும் என்பதெல்லாம் பொய். ஒரு வேலையை ஒரு சாதிக்கு என்று ஒதுக்கி வைத்ததும் அந்த வேலை அழிய ஒரு காரணம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை விட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். நாமாக இருந்தாலும் ஓடியிருப்போம்.

பூச்சுக்கு: ஆளிவிதை எண்ணெய் மெல்லப் பூசினால் மரத்தில் ஊறிக் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய், கடலெண்ணெய் அப்படி உலராது, பிசுபிசுத்துப் போகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். மண்ணில் நிற்கிற கால்களுக்கு நம் மாவட்டத்து முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் நல்ல காப்பு. ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். தானியம் படுகிற இடத்தில் அதைப் பூசக் கூடாது.

"அதெல்லாம் கட்டுப்படியாகாதுங்க"

இதைச் சொன்னால் வருகிற முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் நாற்காலி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆசாரியின் பன்னிரண்டு நாள் கூலியில் அதுபோல் எத்தனையோ வாங்கலாம். நான் மறுக்கவில்லை. அந்த நாற்காலி எத்தனை கோடை தாங்குகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். வெயிலில் வெளுத்து, கால் விரிந்து, உடைந்ததை எரிக்கவும் முடியாமல் புதைக்கவும் முடியாமல் வேலி ஓரம் போட்டிருக்கிறோம். பெஞ்சு உடைந்தால் கால் மாற்றலாம். ஒன்றுக்கும் ஆகாத அன்றைக்கு அடுப்புக்கோ மண்ணுக்கோ போகும்.

"நேரம் யாருக்கு இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. புயல் அடித்த மாதத்தில் யாருக்கும் இல்லை, எனக்கும் இருக்கவில்லை. அன்றைக்கே பெஞ்சு செய்யச் சொல்லவில்லை. முனையில் சாணி பூசிக் கல்லின் மேல் ஏற்றி வைக்க அரை நாள் போதும். மரம் காத்திருக்கும். லாரிக்காரர்தான் காத்திருக்கமாட்டார்.

பணக் கஷ்டத்தில் விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானே விற்றவன். ஆனால் நாலில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். அதுதான் என் ஆதங்கம்.

இரண்டும் எடைக்குத்தான் போனது

போன வருஷம் ஆசாரியைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது, வேலையை விட்டுவிட்டார். "வாச்சி, வாளெல்லாம் எங்க ஆசாரியாரே?" என்று கேட்டேன். வீட்டை மாற்றிக் கட்டும்போது மகன் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாராம். கோபமே இல்லாமல் சொன்னார். "அவன் என்ன செய்வான், வேலை இருந்தாத்தானே ஆயுதம்?"

எனக்குச் சுருக்கென்றது. மரத்தை நான் எடைக்குப் போட்டேன். அந்த மரத்தை இழைக்க வேண்டிய உளியை அவர் வீட்டில் எடைக்குப் போட்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாம் அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டோம். ஒரு காலத்தில் ஏர் செய்ய, வண்டி பூட்ட, நுகத்தடி மாற்ற அவரிடம் போனோம், களத்தில் நெல் அளந்தோம். அந்தப் பழைய முறையில் மேல் கீழ் பார்த்த அநியாயமும் இருந்தது, அது திரும்ப வேண்டாம். ஆனால் டிராக்டர் வந்ததும் அவரை மறந்தோமே, அது நம் தவறு. நாட்டு விதை அழிகிறது என்று மேடை போடுகிற நாம், விதைப்பெட்டி செய்கிற கை அழிவதைப் பார்க்கவில்லை. விதையையாவது வங்கியில் வைக்கலாம். கையை எங்கே வைப்பது? இன்னொரு கைக்கு மாற்றினால்தான் உண்டு.

அதனால் நம் இயக்கத்துக்கு என் யோசனை மூன்று.

ஒன்று, ஒவ்வொரு ஊர்க் குழுவும் பொதுவில் ஒரு கருவிப்பெட்டி வைத்துக்கொள்ளட்டும். தெளிப்பானைப் பொதுவில் வாங்குகிறோமே, அது மாதிரி. பழைய இரும்புக்கடையில் கிடக்கிற உளியையும் வாச்சியையும் முதலில் போய் மீட்டு வாருங்கள். பழைய இரும்பு தீட்டினால் இன்னும் நிற்கும்.

இரண்டு, மாதக் கூட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு கூட்டத்தை உங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுங்கள். பேச்சாளராகக் கூப்பிடாதீர்கள், கூலி கொடுத்து ஆசிரியராகக் கூப்பிடுங்கள். இளைஞர்கள், பெண் பிள்ளைகள் எல்லாரும் உட்காரட்டும். முதல் நாள் உளி தீட்ட மட்டும் கற்றுக்கொண்டாலே போதும். பாதி வேலை அதுதான்.

மூன்று, உங்கள் நிலத்தில் மரம் விழுந்தாலோ, பழைய வீட்டை இடித்தாலோ வியாபாரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஆசாரிக்கு ஒரு போன் போடுங்கள். எது வைரம், எது விறகு என்று அவர் காட்டட்டும். அதற்குப் பிறகு விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம்.

தாத்தாவின் நாலு பிலா நின்ற இடத்தில் நாலு கன்று வைத்திருக்கிறேன். இரண்டு காய்க்கத் தொடங்கிவிட்டன. வைரம் பாய இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் ஆகும், நான் பார்க்கப் போவதில்லை. அது விழுகிற அன்றைக்கு அதைக் கொத்திப் பார்த்து மஞ்சளைக் காட்ட எங்க ஊரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இழைப்புளியை மகளிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?